ஒரு தட்டானுக்கு இரண்டு பேர்

எங்கள் தலைவருக்கு மார்பில் ஒரு பொன் தகடு போட்டுக்கொள்ள ஆசை வந்தது. ஆசை வந்தது அவருக்கு. ஊரை விட்டுப் போனது நானும் என் தங்கையும்.

நல்ல தட்டான்கள் மேட்டு ஏரிக்கரை ஊரான குவாத்தவீத்தாவில்தான் இருக்கிறார்கள். அது ஊருலகத்துக்கே தெரியும், அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் அவ்வளவு திமிர். வெளியூருக்கு ஒரு தட்டானை அனுப்ப வேண்டுமென்றால், அவன் திரும்பி வரும்வரை அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் குவாத்தவீத்தாவில் வந்து ஈடாக இருக்க வேண்டும். உப்பு தருகிறோம், போர்வை தருகிறோம் என்று பேரம் பேச முடியாது. ஒரு தட்டானுக்கு இரண்டு பேர். முடிந்தது பேச்சு.

யாரை அனுப்புவது என்று எங்கள் நெமகிராவில் தலைவர் ரொம்ப யோசிக்கவில்லை. என் புருஷன் செத்து ஒரு விதைப்பு முடிந்திருந்தது. பிள்ளை கிடையாது. வாய் மட்டும் இருந்தது. இந்தச் சிசாபாவின் வாய் இல்லாமல் ஊர் கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். தங்கை காய்தாவைச் சேர்த்ததற்குக் காரணம் நேர் எதிர். அவளுக்கு எதிர்த்துப் பேசவே வராது. அவள் புருஷன் தௌசா அப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தத் தரையில் என்ன கண்டானோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எல்லை ஓடையில் வைத்து மாற்றிக்கொண்டார்கள். தட்டான் கின்சே ஊதுகுழல்களைத் தோளில் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான், நாங்கள் அந்தப் பக்கம் போனோம். நடுத்தண்ணீரில் நின்று ஒரு வார்த்தை சொன்னான்.

"ஒரு தகடுதானேம்மா. சீக்கிரம் முடிச்சிட்டு வந்துருவேன்."

நல்ல மனுஷன். எங்கள் தலைவரைப் பற்றி அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஓடையைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் காய்தா வாந்தி எடுத்தாள். மேட்டுக் குளிர் என்று நினைத்தோம். அடுத்த நிலவுக்குள் அது குளிர் இல்லை என்று தெரிந்துபோனது.

எங்களைக் கின்சேயின் வீட்டிலேயே தங்க வைத்தார்கள். அவன் பெண்டாட்டி யோபாசா எங்களை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கும் என் வயதுதான்.

"என் புருஷனுக்குப் பதிலா இதுங்களா? ஒண்ணு வத்தல், ஒண்ணு வாந்தி."

"உன் புருஷனுக்கு இவ்வளவுதான் விலை போலிருக்கு" என்றேன் நான்.

அவள் முறைத்தாள். பிறகு வேறு பக்கம் திரும்பிச் சிரித்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து இரண்டு பேரும் விடிந்ததிலிருந்து அடையும்வரை சண்டை போட்டோம். அப்படியே பழகிவிட்டோம்.

கரி சுமப்பது, கரியை இடித்துச் சலிப்பது, களிமண் பிசைவது, அவித்த உருளைக்கிழங்கைத் தோலுரிப்பது எல்லாம் எங்கள் வேலை. மெழுகு யோபாசாவின் வேலை. அந்த வீட்டில் மெழுகு எப்போதுமே அவள் கைதான். தேன்மெழுகைத் தட்டைக் கல்லில் உருட்டி, தலைமயிர் போல நூலாக இழுப்பாள். அந்த நூலை வளைத்துக் கண் வைப்பாள், மூக்கு வைப்பாள். அதன்மேல் களிமண் பூசி, சூடு காட்டி மெழுகை ஓடவிட்டு, அது இருந்த இடத்தில் உருக்கிய பொன்னை ஊற்றுவது கின்சே. கின்சே இல்லாததால் மெழுகு உருவங்கள் தட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நேர்ந்துகொண்டு ஏரியில் பொன் பொம்மை, அதாவது உருவாரம், போட வேண்டியவர்கள் துணியில் பொன் பொடியை முடிந்துகொண்டு வாசலுக்கு வருவார்கள், தட்டான் இல்லையென்று கேட்டுத் திரும்புவார்கள்.

உப்பு வியாபாரிகள் வழியாகச் செய்தி வந்தது. மார்புத் தகடு முடிந்துவிட்டதாம். எங்கள் தலைவர் இப்போது மூக்கணி கேட்கிறாராம். அதற்கப்புறம் காதுக்கு. அதற்கப்புறம், நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் போடும்படி தொங்கல் வைத்த இன்னொன்று. அவருக்கென்ன நஷ்டம்? தட்டான் அங்கே உட்கார்ந்து வார்க்கிறான், எங்கள் இரண்டு பேர் சோற்றுக்கும் வேறு ஊர் பொறுப்பு.

கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன செய்ய?

அந்தச் சமயத்தில்தான் பிராகூன் வந்தான். குவாத்தவீத்தா தலைவரின் காரியக்காரன். நல்ல போர்வை, நல்ல தொந்தி. காய்தாவின் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"இதுவும் நல்லதுதான். இங்க பொறந்தா இந்த ஊருப் புள்ள."

"என்னது?" என்றேன்.

"ஈடா வந்தவ பெத்தா அதுவும் ஈடுதான். நீங்க கின்சே வந்ததும் கிளம்பலாம். புள்ள இங்கதான் இருக்கும். நெலத்துக்கு ஆள் வேணும்ல."

எங்கள் வழியில் பிள்ளை தாயின் வீட்டைச் சேர்ந்தது. தகப்பனுக்கே அதன்மேல் உரிமை கிடையாது. தொந்திக்காரன் ஒருத்தன் வாசலில் நின்றபடி அதை எடுத்துக்கொண்டான். இது உண்மையிலேயே அவர்கள் வழக்கமா, அவன் அப்போது நினைத்துக்கொண்டதா என்று யோபாசாவுக்கும் தெரியவில்லை.

அவன் போனபிறகு காய்தா கரியைச் சலித்துக்கொண்டே இருந்தாள். சலிக்க ஒன்றும் மிச்சமில்லை. வெறும் சல்லடையை ஆட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அழுகை இல்லை. எவனையாவது கடிக்க வேண்டும் போலிருந்தது.

"யோபாசா, இந்த ஊர்ல ஒருத்தரு தட்டான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"எப்படின்னா? வார்த்த உருவாரத்தைப் பூசாரி ஏரியில போட்டு, வார்த்தவன் பேரை ஏரிக்குச் சொல்லணும். அதுக்கப்புறம் அவன் தட்டான். கின்சேக்கும் அப்படித்தான் ஆச்சு."

"பொம்பள பேரைச் சொன்னா ஏரி வேண்டாங்குமா?"

"யாரு கேட்டுப் பாத்தா? எனக்குப் பேரு எதுக்கு, வேலை கெடக்குது." சொல்லிவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "அடியே, என்ன நெனைக்கிற நீ?"

நினைத்ததைச் சொன்னேன். கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்துவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்துபோய், கின்சே விட்டுப்போன பழைய ஊதுகுழல்களை எடுத்துவந்தாள். எங்கள் ஊருக்குச் சொந்தத் தட்டான் கிடைத்துவிட்டால் அவள் புருஷனையும் விட்டுவிடுவார்களே.

மறுநாள் வாசலுக்கு வந்தவளை நான் திருப்பி அனுப்பவில்லை. கிழங்குக் காட்டுக்காரி, பாவம், பெற்றதெல்லாம் பிறந்ததும் போய்விட்டது என்றாள். பிள்ளையை ஏந்திய தாயாக ஓர் உருவாரம் வேண்டும் என்றாள். அவள் துணி முடிச்சில் பொன் கொஞ்சம்தான் இருந்தது.

மெழுகை நானே இழுத்தேன். என் நூல் கயிறு மாதிரி வந்தது. யோபாசா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது கண்ணா, கிழங்கா?"

"கண்ணுதான். அழுது அழுது வீங்கியிருக்கு."

ஐந்தாறு உருவங்களைக் கசக்கிப் போட்ட பிறகு ஒன்று தேறியது. களிமண் பூசிக் காயவைத்தோம். பொன்னோடு செம்பைச் சேர்த்து, உருக்கும் மண் கிண்ணமான மூசையில் போட்டுக் கரியில் புதைத்தோம். ஊதுவதற்கு மூன்று மூச்சு வேண்டும். யோபாசா ஒன்று, நான் ஒன்று. காய்தா வந்து மூன்றாவது குழலை எடுத்தாள்.

"வேண்டாம்டி. வயித்துப் புள்ளையோட ஊதாத."

"இது என் புள்ளைக்குத்தானே ஊதுறேன்" என்றாள்.

வாய் பேசாதவளுக்கு மூச்சு நிறைய இருந்தது. கரி வெள்ளையாகப் பளபளத்தது. மூசையை நான்தான் தூக்கி ஊற்றினேன். கை நடுங்கியது, அதை ஒளிப்பானேன். நடுங்கியதில் ஒரு நொடி நின்று ஊற்றிவிட்டேன்.

அச்சை உடைத்தபோது தாய் இருந்தாள், பிள்ளை இருந்தது, மார்பில் சாய்ந்து முழுசாக இருந்தது. தாயின் ஒரு கால் வரவில்லை. பொன் பாதி வழியிலேயே குளிர்ந்து நின்றுவிட்டது.

கிழங்குக் காட்டுக்காரி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு உயிர் போய் வந்தது.

"புள்ள முழுசா இருக்குல்ல?" என்றாள். "அது போதும்."

உடம்பில் போட்டுக்கொள்ளும் நகையாக இருந்திருந்தால் உருக்கி மறுபடி ஊற்றியிருப்போம். மூக்கணியை நாள் கணக்கில் தேய்த்து மெருகு போடுவார்கள், மனுஷர் கண் குற்றம் கண்டுபிடிக்கும் அல்லவா. உருவாரத்தைத் தேய்ப்பதில்லை, பிசிறை வெட்டுவதில்லை. எப்படி வந்ததோ அப்படியே ஏரிக்குப் போகும். அதை நம்பித்தான் நானும் துணிந்தேன்.

ஏரிக்கரையில் பூசாரி இலையை மென்றுகொண்டே அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கால் எங்க?"

"வர்ற வழியில நின்னுபோச்சு சாமி" என்றேன்.

"ஏரிக்குள்ள இவ நடக்கப் போறதில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிட்டா." மறுபடி மென்றார். "வார்த்தது யாரு?"

"நெமகிரா சிசாபா" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து யோபாசா கத்தினாள். மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

பூசாரியின் தாடை ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தார், உருவாரத்தைப் பார்த்தார். உருவாரம் கையில் இருக்கிறது, கேட்டவள் அழுதுகொண்டு நிற்கிறாள், இனி என்ன செய்வார்? தண்ணீரைப் பார்த்துத் திரும்பி, நெமகிரா சிசாபா வார்த்தது என்று சொல்லிவிட்டுப் போட்டார். அது சத்தமே இல்லாமல் உள்ளே போனது.

ஏரியிலிருந்து நேராகக் குவாத்தவீத்தா தலைவரின் வளவுக்குப் போனேன். காய்தாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர் முன்னால் யாரும் முகத்தைக் காட்டக்கூடாது, முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். ஆகவே நான் போட்ட சண்டை முழுவதும் எதிரே இருந்த மூங்கில் வேலியைப் பார்த்தே போட்டது. பிராகூன் பக்கவாட்டில் நின்றான்.

"ஒரு தட்டானைக் கொடுத்துக் குவாத்தவீத்தா எத்தனை பேரை வாங்குச்சு?" என்று வேலியிடம் கேட்டேன்.

"ரெண்டு பேரு. இதைக் கேக்கவா வந்த?" என்றான் பிராகூன்.

"இப்ப எத்தனை பேரு கையில இருக்கு?"

"நீ ஒண்ணு, உன் தங்கச்சி ஒண்ணு. ரெண்டு. எண்ணத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல. என் பேரை இப்பத்தான் ஏரிக்குச் சொன்னாங்க. நான் தட்டான். ஒரு தட்டானுக்கு எத்தனை பேரு?"

எங்களுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"நான் ரெண்டு" என்றேன். "என் தங்கச்சி ஒண்ணு. ஆகக்கூடி மூணு. ரெண்டு பேரை வாங்க வேண்டிய இடத்துல மூணு பேரை வச்சிருக்கீங்க. ஒருத்தியைத் திருப்பிக் குடுங்க."

"அதெப்படி? வரும்போது நீ தட்டானா வரலியே!"

"என் தங்கச்சி வயித்துல இருக்கிறதும் வரும்போது யாருக்கும் தெரியலதான். அதை மட்டும் உங்களுதுன்னீங்க. இங்க வந்து ஆனதெல்லாம் உங்க கணக்குன்னா, நானும் இங்க வந்துதான் தட்டான் ஆனேன். அதையும் எண்ணுங்க. எண்ண மாட்டீங்கன்னா புள்ளையையும் எண்ணாதீங்க."

பிராகூனுக்கு மூச்சு வாங்கியது. "வாயை மூடு. இல்லேன்னா உன்னைத் தலைவர் முகத்தைப் பாக்க வச்சிருவேன்."

காய்தா என் கையை இறுக்கினாள். அது திருடர்களுக்குக் கொடுக்கும் தண்டனை. பிடித்து நிறுத்தி, தலையை நிமிர்த்தி, தலைவர் முகத்தைப் பார்க்க வைப்பார்கள். பார்த்தவனுக்கு அதற்கப்புறம் யாரும் நெருப்புக்கூடக் கொடுக்கமாட்டார்கள். அவனோடு சேர்ந்து யாரும் விதைக்கமாட்டார்கள், உண்ணமாட்டார்கள். அடிபட்டுச் சாவது மேல்.

எனக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"திரும்பட்டுமா?" என்றேன். "திருடினவங்களுக்குத்தானே அந்தத் தண்டனை? மூணை வச்சுக்கிட்டு ரெண்டுன்னு சொல்றவரு முதல்ல திரும்பட்டும். அவரு பாத்து முடிச்சதும் நானும் பாக்குறேன்."

வேலியில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது, அது பறந்தது. பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து, நான் அதுவரை கேட்டிராத குரல் வந்தது. பெரிய குரல் இல்லை. ஜலதோஷம் பிடித்த குரல்.

"பிராகூன். ஒரு தட்டானுக்கு ரெண்டு பேருன்னு யாரு வச்சது?"

"நாமதான் ஐயா. உங்க மாமா காலத்துலேருந்து இருக்கு."

"நாம வச்சதை நாமே கொறைச்சு எண்ணினா, நாளைக்கு எந்த ஊர்க்காரன் ரெண்டு பேரை அனுப்புவான்?"

பிராகூன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சின்னவளை அனுப்பிடு. இவ தட்டான். கின்சே வர்ற வரைக்கும் தட்டான் வேலையைப் பாக்கட்டும்." கொஞ்சம் பொறுத்து, "கால் எல்லாம் சரியா ஊத்தச் சொல்லு" என்றார். சிரித்தாரா என்று தெரியாது. திரும்பிப் பார்க்கவா முடியும்?

காய்தாவை ஓடைவரை கொண்டுபோய் விட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"நீயும் வா அக்கா."

"நான் எங்க வர்றது? நான் ரெண்டு பேரு. என்னைத் தூக்க உன்னால ஆகாது. போடி."

அவள் அக்கரை ஏறி, மூங்கிலைத் தாண்டி மறையும்வரை நின்றேன். பிறகு அங்கேயே ஓடைக்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கேட்க யாருமில்லை, அது ஒரு வசதி.

அதற்கப்புறம் எனக்கு வேலை வந்தது. உருவாரங்கள் வந்தன, மூக்கணிகள் வந்தன, காதுத் தகடுகள் வந்தன. யோபாசா மெழுகு இழுப்பாள், நான் ஊற்றுவேன், இரண்டு பேரும் சண்டை போடுவோம். என் கை நடுக்கம் போனது. பிராகூன் தனக்கு ஒரு மூக்கணி வேண்டும் என்று வந்தான், தலைவர் அனுமதி கொடுத்திருந்தார். அளவெடுக்க அவன் மூக்கைப் பிடித்தபோது கொஞ்சம் அழுத்தித்தான் பிடித்தேன்.

சோளம் கதிர் விட்ட சமயம் கின்சே வந்து சேர்ந்தான். யோபாசா அவனை வாசலிலேயே வைத்து ஒரு மூச்சு திட்டித் தீர்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டாள். அவன் தனியாக வரவில்லை. என்னை அழைத்துப் போகத் தௌசா கூட வந்திருந்தான். தரையைப் பார்க்கிற தௌசா.

"பொட்டப் புள்ள பொறந்திருக்கு அண்ணி" என்றான். "தலைவர் உங்களை உடனே கூட்டிட்டு வரச் சொன்னாரு. நம்ம ஊரிலேயே தட்டான் இருக்கும்போது வெளியூரான் எதுக்குன்னு சொல்றாரு. பெரிய மார்புத் தகடு ஒண்ணு..."

"ஓ. தட்டான் வேணுமாமா?"

"ஆமா."

"தட்டான் வேணும்னா ரெண்டு பேரு அனுப்பணும். உங்க தலைவருக்குத் தெரியாதா?"

தௌசா முதல்முறையாகத் தலையைத் தூக்கினான். "நீங்க நம்ம ஊருதானே அண்ணி!"

"நான் உங்க ஊரா இருந்தப்ப வீட்டுக்கு ஆகாதவன்னு தூக்கிக் குடுத்தீங்க. இங்க எனக்குச் சோறு இருக்கு, வேலை இருக்கு, சண்டை போட ஆளிருக்கு. இருன்னா இருப்பேன். கேட்டுப் பாரு, இவங்க தலைவர் விடமாட்டேன்னுதான் சொல்வாரு."

அது பொய்யில்லை. கின்சே வந்த பிறகும் நான் இருந்தால் நல்லது என்று வளவிலிருந்து ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தௌசா நெற்றியைத் துடைத்தான். "சரி, எந்த ரெண்டு பேரு வேணும்?"

"காய்தா. அவ புள்ள."

"அவங்களையா? இங்கயா?"

"இங்க இல்ல. எனக்கு. குவாத்தவீத்தாவுக்கு இல்ல, எனக்குக் குடுக்கணும். ஓடைக்கரையில ஊரைக் கூட்டிவச்சு உங்க தலைவரு தன் வாயால சொல்லணும், இந்த ரெண்டு பேரும் சிசாபாவுக்குன்னு. அதுக்கப்புறம் அவருக்கு மார்புக்கு வேணுமோ மூக்குக்கு வேணுமோ, எந்த ஊருக்கும் எதுக்காகவும் அவங்களை ஈடா அனுப்பக்கூடாது. எனக்குக் குடுத்ததை அவரு எப்படி அனுப்ப முடியும்?"

"தலைவர் கோவப்படுவாரு."

"படட்டும். வெறும் மார்போட படட்டும்."

தௌசா போனான். பதில் வரும் என்று நினைத்து நான் உட்கார்ந்திருக்கவில்லை. வேலையைப் பார்த்தேன். ராத்திரியில் தூக்கம் வராமல் புரண்டது மட்டும் யோபாசாவுக்குத் தெரியும். தலைவர் முடியாது என்று சொல்லியிருந்தால் காய்தாவின் பிள்ளையை நான் பார்த்தே இருக்கமாட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

செய்தி வந்தது. ஓடைக்கு வரச் சொல்லி.

யோபாசா கூட வந்தாள். என் மூட்டையில் அவள் ஓர் ஊதுகுழலைச் சொருகியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். எதிர்க்கரையில் நெமகிரா முழுவதும் நின்றது. தலைவர் மார்புத் தகடு, மூக்கணி, காதணி, கிலுகிலுக்கும் தொங்கல் எல்லாம் போட்டுக்கொண்டு நின்றார். ஊர்க்காரர்கள் அவருக்கு முதுகைக் காட்டி என்னைப் பார்த்தபடி நின்றார்கள். நானும் எங்கள் வழக்கப்படி அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

"ரெண்டு பேரையும் எடுத்துக்க" என்றார். குரலில் எரிச்சல் வழிந்தது.

"யாருக்குன்னு சொல்லலியே" என்றேன், குவாத்தவீத்தாவைப் பார்த்தபடி.

முதுகுக்குப் பின்னால் தொங்கல் கிலுகிலுத்தது.

"சிசாபாவுக்கு. இந்த ரெண்டு பேரும் தட்டான் சிசாபாவுக்கு."

தண்ணீரில் யாரோ இறங்கி வரும் சத்தம் கேட்டது. தலைவர் முகம் கண்ணில் படாமல் தலையைக் குனிந்தபடி திரும்பினேன். நடு ஓடையில், முழங்கால் தண்ணீரில் காய்தா நின்றாள். அவள் கையில் போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்ன முகம் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியது. நான் இறங்கிப் போய் எண்ணினேன். ஒன்று, இரண்டு. சரியாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.